ஆத்தாளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை

பழவேற்காடு
8-7-1978

அன்புள்ள கோவிந்தம்மாவுக்கு,

நலம். நீயும் பச்சைக் குழந்தையும் நலமா? இன்னும் அழைத்துப்போக வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. வலை போடும் தகராறில் ஊர்த் தலைவர் செங்கல்வராயன் நம் தெருவுக்குத் தண்ணீர் கிடையாதென்று நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பூட்டிவிட்டார். கேட்டால் 'ஆத்தா உத்தரவு' என்கிறார்.

நேற்று பூசையில் கங்கையம்மன் என் காதோடு சொன்னாள்: "பூட்டு என் உத்தரவு இல்ல. ஊர்க் கூட்டத்துல சொல்லுடா."

அருள்வாக்குச் சொல்லும் பூசாரிதான் நான். ஆனால் பிழைப்பது தலைவர் படகிலல்லவா? ஆத்தாளுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். நாளை கிளம்புகிறேன். கடிதத்தை அங்கே லோகநாதன் மச்சான் வீட்டு விலாசத்துக்குப் போடு.

உன்
சடையப்பன்

கடம்பத்தூர்
12-7-1978

அன்புள்ள மாமாவுக்கு,

கோவிந்தம்மா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாடி, உம் புருசன் ஆத்தாளுக்கே லீவு லெட்டர் குடுத்துட்டு ஓடிக்கினுகீறானா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கும்மிடிப்பூண்டி என்ன, ஆத்தாளுக்குத் தெரியாத ஊரா? புயலில் உங்களைக் கரை சேர்த்தவள் ஊர்க் கூட்டத்திலா கைவிடுவாள்? போய்ச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் பிள்ளையை எப்படி வளர்ப்பேன்? கிணறு திறக்கும்வரை நாங்கள் இங்கேதான்.

கோவிந்தம்மா

கும்மிடிப்பூண்டி
17-7-1978

அன்புள்ள கோவிந்தம்மாவுக்கு,

அத்தையிடம் சொல், லீவு லெட்டர் செல்லுபடியாகவில்லை என்று. இன்று கம்பெனிச் சங்கு ஊதியது. உடனே எனக்கு அருள் வந்துவிட்டது! கையில் ஸ்பேனரோடு ஆடினேனாம். மேஸ்திரி குப்புராஜ், "யோவ், கரண்டு அடிச்சிருக்குது! மெயினை ஆஃப் பண்ணு!" என்று அலற, கம்பெனியே நின்றுபோயிற்று. என் வேலையும் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம். போகிறேன்.

சடையப்பன்

பழவேற்காடு
22-7-1978

அன்புள்ள கோவிந்தம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று கூட்டத்தில், எனக்கு அருள் வரப் பம்பைக்காரர் கை ஓயும்வரை அடித்தார். ஆத்தாள் இறங்கவே இல்லை. கம்பெனியில் கூப்பிடாமல் வந்தவள்! எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் என் சொந்தக் குரலிலேயே சொன்னேன்: "தலைவரே, கிணத்துப் பூட்டு ஆத்தா உத்தரவு இல்ல. நீங்க போட்டது."

"இன்னாடா, ஆத்தா பேசறாளா, நீ பேசறியா?"

"நான்தான் பேசறேன். ஆத்தா சொன்னத."

"நாளையிலருந்து எம் படகுல கால் வெக்காதே!"

அப்போது அவர் மனைவி லட்சுமியம்மாள் எழுந்தாள். இடுப்பிலிருந்த கிணற்றுச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "ஆத்தா பேரச் சொல்லி நீ பொய் சொன்னதுலருந்து எனுக்குச் சோறு எறங்கலய்யா" என்று அவரைப் பார்த்து அழுதாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தொறங்கடா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நம் தெருவில் விடியும்வரை தண்ணீர் இறைத்தார்கள். தலைவர் படகில் வேலை போனது போனதுதான். நம் தெருக்காரர் ஒருவர் தன் படகில் வரச் சொல்லியிருக்கிறார். ஆத்தாள் ஏன் இறங்கவில்லை என்று அவளிடமே கேட்டேன். ஒன்று மட்டும் தெரிகிறது: பேசும்போது என் நாக்கு ஒரு முறைகூடக் குழறவில்லை கோவிந்தம்மா.

சடையப்பன்

கடம்பத்தூர்
26-7-1978

அன்புள்ள மாமாவுக்கு,

படித்ததும் அழுகை வந்துவிட்டது. அம்மா உங்களுக்காகக் கோழி அடிக்கப்போகிறாள். ஞாயிறன்று வந்து எங்களை அழைத்துப்போங்கள்.

வருமுன் ஓர் உண்மையைத் தாங்கிக்கொள்ளத் தயாராகுங்கள். இங்கே யாருக்கும் சொல்லத் தைரியமில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: நம் பெண்ணுக்கு அப்படியே உங்கள் மூக்கு. ஆத்தாள் கைவிடமாட்டாள்.

உங்கள்
கோவிந்தம்மா