‘அனுப்பியாச்சு’ என்று ஒரு தந்தி

தூத்துக்குடி,
30-9-1946

அன்புள்ள சிலுவைக்கு, இசக்கியப்பன் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். பம்பாய் மழையில் நனைந்து நீ சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தருவைகுளம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். நீ அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டுதான் பூசைக்குப் போனார்களாம். நிறம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது என்று குறை வேறு. எனக்கு ஒரு கட்டு சீலாக் கருவாடு கொடுத்தார்கள். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டதால், கிட்டங்கி வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். இதை உன் அம்மாவுக்கு எழுதித் தொலைக்காதே.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். நடக்கிறது. பி.ஏ. படிக்கிற பையன்களுக்கும் தேறிவிட்டு வேலை தேடுகிறவர்களுக்கும் வியாபாரக் கடிதம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இங்கே வர்த்தக சங்கத்தார் கூப்பிட்டார்கள். நானும் பம்பாயில் நம் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, ஊரைத் தூக்கி நிறுத்தப் போகிறவன் மாதிரி வந்து சேர்ந்தேன். வருஷம் திரும்புவதற்குள் ஓடி வந்துவிடுவாய் என்று நீ சொன்னாய். இன்னும் ஓடவில்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரி முடிந்து, சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, நேரே வகுப்புக்கு வருகிறார்கள். சங்கத் தலைவர் பால்துரை அண்ணாச்சியின் கிட்டங்கி மாடிதான் வகுப்பு. கீழே முழுக்க மிளகாய் வத்தல் மூட்டை. நான் ‘டியர் சர்ஸ்’ என்று ஆரம்பித்தால் பாதி வகுப்பு தும்முகிறது.

வந்த கூரை ஓட்டில் பாதி உடைந்திருக்கிறது, சரக்கு அனுப்பியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றேன். ஒருவன் முதல் பக்கம் முழுவதும் அவருடைய நலத்தையும், மனைவி மக்கள் நலத்தையும், அவர் ஊரில் மழை உண்டா என்பதையும் விசாரித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தின் அடியில், ஓடு கொஞ்சம் உடைந்த மாதிரி இருக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை என்று முடித்திருந்தான். பாதி உடைந்தது எப்படியடா பரவாயில்லை என்று கேட்டேன். எடுத்த எடுப்புல உடஞ்சதுன்னு எழுதுனா அவுக மனசு சங்கடப்படாதா சார் என்கிறான்.

‘சரக்கு இல்லை’ என்று எழுத வைப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. எல்லாம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். விளக்கு வைத்த நேரத்தில் ‘இல்லை’ என்ற சொல்லை வாயாலும் சொல்ல மாட்டார்கள், கையாலும் எழுத மாட்டார்கள். ‘சரக்கு வந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். எங்கிருந்து வருகிறது என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அய்யாக்குட்டி என்று ஒருவன். கெட்டிக்காரன், ஆனால் எதிலும் நிலைத்து உட்கார மாட்டான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, இந்த வாரம் கரடி வேஷத்தோடு வகுப்புக்கு வருகிறான். விரதம் முடிகிற வரைக்கும் கலைக்கக் கூடாதாம். கரடியிடம் நான் டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிலுவை. போகும்போது காணிக்கை உண்டியலை என்னிடமும் நீட்டினான்.

ஒரே ஒருவனால்தான் நான் இன்னும் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறேன். தாணுலிங்கம் என்று பெயர், உடன்குடிப் பக்கம். தகப்பன் இல்லை. தாயார் சீனித்தாய் கருப்பட்டி விற்றுப் படிக்க வைத்து, இந்த வருஷம்தான் பி.ஏ. தேறினான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவான். ஒரு சொல் கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். பழகட்டும் என்று பகலில் அண்ணாச்சியிடம் கடிதம் எழுத விட்டிருக்கிறேன். துறைமுகத்தில் நல்ல கம்பெனி ஒன்றில் அவன் உட்கார்ந்துவிட்டால், நான் பட்ட பாட்டுக்கு அது போதும்.

கோபத்தில் எழுதியது. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் அன்பன்,
இசக்கியப்பன்


தூத்துக்குடி,
21-10-1946

அன்புள்ள சிலுவைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கரடியைப் பற்றி நீ விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தாய். இப்போது எழுதப்போவதற்குச் சிரிக்காதே.

கொழும்பில் தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் கொடுக்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, அண்ணாச்சியிடம் முதல் தடவையாக வத்தல் கேட்டிருந்தது. சரக்கு என்ன ஆயிற்று என்று அவர்களிடமிருந்து தந்தி வந்தது. அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, அனுப்பியாச்சுன்னு ஒரு தந்தி அடிச்சிருலே என்று தாணுலிங்கத்திடம் சொல்லியிருக்கிறார். அவனும் ‘வத்தல் அனுப்பப்பட்டுவிட்டது’ என்று சுத்தமான இங்கிலீஷில் தந்தி அடித்துவிட்டான்.

நம் மாடிக்குக் கீழே இருப்பதெல்லாம் வேறு ஆட்களுக்குப் பேசிய மூட்டை. இந்த வத்தல் அன்றைக்கு எங்கே இருந்தது தெரியுமா? விளாத்திகுளத்தில், வேறொரு வியாபாரியின் கிட்டங்கியில், சாக்கில்கூடப் போடாமல் கிடந்தது.

கொழும்புக் கம்பெனி தோட்டங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, லாரியையும் ஆட்களையும் துறைமுகத்துக்கு அனுப்பிக் காத்திருந்திருக்கிறது. இங்கிருந்து போன தோணியில் இருந்ததோ வெங்காயம், அதுவும் வேறு யாரோ அனுப்பியது. பிறகு அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி உங்கள் சொல்லில் எதை நாங்கள் நம்புவது என்று கேட்டு, ஒரே வாக்கியம். என் பையன்களில் ஒருவனாவது அப்படி எழுதக் கற்றுக்கொள்ள மாட்டானா என்று ஒரு நிமிஷம் ஏங்கிவிட்டேன்.

அண்ணாச்சிக்குத் தான் பொய் சொன்னதாகத் துளிக்கூட நினைப்பில்லை, அதுதான் வேடிக்கை. அனுப்பியாச்சுன்னா அனுப்பப் போறோம்னு அர்த்தம், பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே வே என்று என்னிடமே கேட்கிறார். நான் மனசால அனுப்பிட்டேம்லா என்கிறார். கொழும்பில் இருக்கிற நம் ஆட்களுக்கு இத்தனை வருஷமும் தமிழில் இப்படித்தான் எழுதினாராம். அவுக ஒரு வாரம் கூட்டிப் புரிஞ்சுக்கிடுவாக, இந்த வெள்ளைக்காரனுக்குத்தான் வெவரம் பத்தல என்று வருத்தப்படுகிறார்.

அவரைச் சொல்லி என்ன? ஊரே அப்படித்தான். இந்தா வந்துட்டேன் என்று குரல் கொடுக்கிறவன் கிணற்றடியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறான். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், பசியோடு இருக்கிறவனும் ஆச்சு என்கிறான். நடக்கப் போகிறதையெல்லாம் நடந்துவிட்டதாகச் சொல்லியே இங்கே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கு நான் இங்கிலீஷில் இறந்தகாலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

உனக்காவது தெரிஞ்சிருக்க வேண்டாமா என்று தாணுலிங்கத்திடம் கத்தினேன். தமிழ்ல எழுதச் சொல்லியிருந்தா எனக்கும் புரிஞ்சிருக்கும் சார், இங்கிலீஷ்னதும் நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி சொன்னத அப்படியே போட்டுட்டேன் என்றான். 

இப்போது கம்பெனியைச் சமாதானப்படுத்த வேண்டும். அதற்கு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தந்தி அடித்த குமாஸ்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாமல் தப்பாக அடித்துவிட்டான், அவனை விலக்கியாயிற்று என்று ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். அவன் பெயரையும் போட வேண்டுமாம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியன் என்ற முறையில் நானும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அந்தக் கம்பெனிக்கு இங்கே எல்லாக் கப்பல் ஆபீஸிலும் ஆள் உண்டு. அந்தக் கடிதம் போனால் தாணுலிங்கத்துக்கு இந்தத் துறைமுகத்தில் கூட்டுகிற வேலைகூடக் கிடைக்காது. எழுதாவிட்டால் வகுப்பு இருக்காது, மாடியும் சங்கமும் அண்ணாச்சி கையில். அவர் மிரட்டவில்லை. காப்பி வாங்கிக்கொடுத்து, நம்ம வகுப்பு நல்லா நடக்கணும்லா என்று மட்டும் சொன்னார்.

‘முடியாது’ என்று எழுத வைக்கப் பையன்களோடு மல்லுக்கட்டுகிறவன், அவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

தீபாவளிக்கு உன் பங்குக்கும் சேர்த்து இரண்டு அதிரசம் தின்கிறேன்.

உன்,
இசக்கியப்பன்


தூத்துக்குடி,
9-11-1946

அன்புள்ள சிலுவைக்கு,

என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். பதில் எழுதக் கை வரவில்லை.

முடியாது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். வெறுங்கையோடு சொல்லாமல், நானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்ப் பேச்சில் அனுப்பியாயிற்று என்றால் அனுப்பத் தீர்மானித்தாயிற்று என்று பொருள், குமாஸ்தா முதலாளி சொன்னதைச் சரியாகவே மொழிபெயர்த்தான், தாமதம் எங்களுடையது, இனிமேல் தோணி புறப்பட்ட பிறகே தந்தி வரும். இவ்வளவுதான். தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். நல்லாத்தான் எழுதியிருக்கீரு, ஆனா நம்ம வீட்டுச் சங்கதிய நடுத்தெருவுல நின்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு என்று மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மறுநாள் அய்யாக்குட்டியைக் கூப்பிட்டு அவர் கேட்ட கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டார். அந்தப் பயல் அதை என்னிடமே கொண்டுவந்து, பிழை இருக்கா பாருங்க சார் என்று நீட்டினான். ஒரு பிழை இல்லை, சிலுவை. நலம் விசாரிப்பு இல்லை, சுற்றி வளைப்பு இல்லை. முதல் வரியிலேயே விஷயம். நாலே வாக்கியம். இந்த ஒரு வருஷத்தில் என் வகுப்பில் எழுதப்பட்ட கடிதங்களில் அதுதான் முதல் தரம். அதில் பொய்யில்லாத ஒரே இடம் தேதி.

என்னலே இது, தாணுலிங்கம் உன் பக்கத்தில் உட்காருகிறவன் இல்லையா என்று கேட்டேன். அண்ணாச்சி சொன்னதச் சொன்னபடி எழுதினேன் சார், நீங்கதான அப்படி எழுதச் சொன்னீய என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்கிறவன் மாதிரிதான் சொன்னான். காகிதத்தை அவன் முகத்தில் எறியலாம் என்று இருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கொழும்புக் கம்பெனிக்குக் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. பழையதை மறந்தோம் என்று எழுதி, திரும்பவும் வத்தல் கேட்டிருக்கிறார்கள். அய்யாக்குட்டி படிப்பை முடித்ததும் அண்ணாச்சியிடமே வேலை. பையன் தேறிட்டான், இனி வகுப்பு எதுக்கு வே என்று சங்கத்தார் முடிவு செய்துவிட்டார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து நான் போனபோது மாடி முழுக்க மூட்டை அடுக்கியிருந்தது. என் நாற்காலியையாவது வெளியே எடுத்து வைத்திருக்கலாம்.

தாணுலிங்கம் துறைமுகத்தில் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. பெயரைச் சொன்னதும், வத்தல் விஷயத்தைக் கெடுத்த பையன்தானே என்கிறார்களாம். ஓரிடத்தில் அவனை உட்காரவைத்து இங்கிலீஷ் எழுத்து சொல்லச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பி.ஏ. தேறினவனை.

நேற்று அவன் தாயார் சீனித்தாய் வந்திருந்தாள். உடன்குடியிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்தவள், வாசலை விட்டு உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். எம் மவன் என்ன சார் பொய் சொன்னான் என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். அப்ப அவன் பொய் சொல்லலன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க, நாலு பேருகிட்ட காட்டுதேன் என்றாள். சிலுவை, எத்தனையோ கம்பெனிக்கு எத்தனையோ எழுதினவன் நான். யார் பெயருக்கு அந்தச் சீட்டை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினாலும் இந்த ஊரில் யார் வாங்கிப் படிப்பார்கள்? அவள் போன பிறகு நான் அழுதேன். அதை உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன். உன் மானேஜரிடம் தாணுலிங்கத்துக்காகச் சொல். கடிதம் எழுதுகிற கரெஸ்பாண்டன்ஸில் இடம் இல்லாவிட்டால், தபால் அனுப்புகிற டெஸ்பாட்சில் போடட்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிற ஆளுக்கு, சொல்வதை யோசித்துச் சொல்கிற முதலாளி வேண்டும். நம் மானேஜரிடம் எத்தனை குறை இருந்தாலும் அந்த ஒன்று உண்டு.

என்னைப் பற்றி விசாரிக்காதே. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது. பையன் திருநெல்வேலியைத் தாண்டி ரயிலில் போனதில்லை. பம்பாய்க்குத் தன்னந்தனியாக அனுப்ப அவன் தாயாருக்குப் பயம், யாராவது கூடப் போய்ச் சேர்க்க வேண்டும் என்கிறாள். எனக்குச் சாயங்காலத்தில் இப்போது வேலை இல்லை. பகலிலும் இல்லை. ஆகவே நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திரும்பி எப்போது வருவேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அறையில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்குமா என்று மட்டும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், உங்கள் மாதாவிடம் தாணுலிங்கத்தின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள். அவள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். கூடவே என் பெயரும் உன் வாயில் வந்துவிட்டால், அதைத் தடுக்க வேண்டாம்.

என்றும் உன்,
இசக்கியப்பன்