தொக்கம் எடுத்த வாரம்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் இவருடைய பயாப்சி ரிசல்ட். மெட்ரோ வேலையால் பஸ் நகரவே இல்லை. இவர் டீ குடிக்க வெளியே போன நேரம் பார்த்து டாக்டர் கூப்பிட்டார். நானும் நாத்தனார் கலாவும்தான் உள்ளே.

உணவுக்குழாயில் புற்றுநோய். அதிலும் அபூர்வ வகை, ஸ்மால் செல்லாம்.

"வழக்கமா நுரையீரல்லதான் பார்ப்போம். இது வேகமாப் பரவும்மா. வெள்ளிக்கிழமை கீமோ ஆரம்பிக்கணும், தள்ளிப் போடாதீங்க."

வாசலில் கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணங்கிட்ட சொல்லாத அண்ணி. பயத்துலயே உசுரு பூடும்."

"இன்னா சொன்னாரு?" என்றார் இவர். புண் என்றேன். மருந்து ஏற்றினால் ஆறிவிடும் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

அக். 8, புதன்

வெயில். ஸ்கேன் முடிந்தது. பெங்களூரிலிருந்து மகன் போன். அவனிடம் சொல்லிவிட்டேன். அழுதான்.

இவருக்கு இட்லியும் இறங்கவில்லை. கஞ்சி, மோர், இளநீர். திருமழிசை கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன், பேண்ட் நழுவாமல் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறார். கேலி செய்தேன். சிரித்தார். சமையலறைக்குப் போய் அழுதேன்.

அக். 9, வியாழன்

ரேஷன் வாங்கி வந்தால் வீடு பூட்டு. இவரும் கலாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆவடிப் பக்கம் ஒரு அம்மாவிடம் தொக்கம் எடுத்துவிட்டு வந்தார்களாம். தொண்டையில் சிக்கியதைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பது. காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். ஒரு துண்டு கோழிக்கறி.

"பாத்தியா? இதுதான் அடைச்சிகினு இருந்துது. ஊசியும் வாணாம், ஒண்ணியும் வாணாம்."

புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையவில்லை.

கலாவைத் தனியே இழுத்துக் கேட்டேன். "போன மாசம் துன்னதா இருக்கும் அண்ணி. டாக்டருங்க சொல்றது அல்லாம் கரெக்ட்டா இன்னா?" அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் அறையலாம் போல இருந்தது.

அக். 10, வெள்ளி

போகவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன், நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, "எறங்குது பாரு" என்றார். எனக்கே ஒரு நிமிஷம் நம்ப ஆசை.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

அக். 12, ஞாயிறு

வானம் கறுத்து நிற்கிறது. காலையில் வாந்தி. ரத்தம். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, "அதான் எடுத்தாச்சே, அப்பறம் இன்னாத்துக்கு ரத்தம்?" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேன்சர் என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்தார்.

"கலாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"புள்ளைக்கு?"

"தெரியும்."

"என் ஒடம்பு. எனக்கு மட்டும் தெரியாது."

கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுந்து சட்டையை மாட்டினார்.

"எப்ப வரச் சொல்லிக்கீறாங்கோ?"

"போன வெள்ளிக்கிழமையே" என்றேன்.