படத்தில் ஆடும் பெண்ணின் உடுப்பு

ஜனவரி 8, புதன்
கடைக்குச் சம்பூர்ணம் டீச்சர் வந்தார். ஒரு வண்ணப்படத்தைத் தையல் மிஷின் மேல் வைத்தார்.
"பாலேன்னு வெளிநாட்டு டான்ஸ் ஆடுற பொண்ணு இது. அவளுக்கு என்ன உடுப்புன்னு காட்ட ஒரு ஓவியர் வரைஞ்சது. ஆண்டு விழாவுல ஒரு பொண்ணு ஆடுறா. இதே மாதிரி தச்சுக் குடுங்க."
படத்தில் அவள் ஒற்றைக் கால்விரல் நுனியில் நிற்கிறாள். ஆரஞ்சுப் பாவாடை, அதில் நீல வட்டங்கள். இடுப்பிலிருந்து பச்சைத் துணி பறக்கிறது. காகிதத்தில் காற்று ஏது? இருபது வருடமாகத் தைக்கிறேன். துணியை இப்படிப் பார்த்ததில்லை.

ஜனவரி 9
படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 11, சனி
டீச்சர் கொடுத்த அளவுச் சீட்டை இன்றுதான் பிரித்தேன். பெயர் இல்லை. தோள் பதிமூன்றரை, இடுப்பு இருபத்தாறு, இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்.
கை நின்றுவிட்டது. என் மகள் இலக்கியாவின் அளவு எனக்குத் தெரியாதா?
வயசுக்கு வந்த புள்ள மேடையில ஆட வேணாம்னு போன வருசம் நான்தானே நிறுத்தினேன். எனக்குத் தெரியாம ஆடிக்கிட்டே இருந்திருக்கா. திருப்பிக் கொடுத்துவிடலாமா? மறுபடி படத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் பயமே இல்லை.
கத்தரிக்கோலை எடுத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு
தைத்தாயிற்று. நிறமெல்லாம் அப்படியே. மாட்டி வைத்தால் யூனிஃபார்ம் மாதிரி தொங்குகிறது.

ஜனவரி 20
பள்ளிக்கூடம் போனேன். இலக்கியாவுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியே பார்த்தேன். சுழன்றுகொண்டிருந்தாள். இவளா வீட்டில் தலை குனிந்தே நடப்பவள்?
"அம்மாதான் தைக்கணும்னு சொன்னா. பேரு மட்டும் போட வேணாம்னுட்டா" என்றார் டீச்சர்.
படத்தில் நேர்கோடே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைக்கு வந்து, புதுத் துணி எடுத்து, இழைக்குக் குறுக்கே சாய்த்துப் போட்டு, பாவாடையைக் கிராஸ் கட்டிங்கில் வெட்டினேன். தைத்து உதறினேன். கடை முழுக்க ஆரஞ்சு.

பிப்ரவரி 7, வெள்ளி
அரியலூரில் விழா. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவள் சுழன்றாள் — நான் வெட்டிய துணிதான், ஆனால் அது என்னுடையதாகவே இல்லை. அந்த ஓவியர் வரைந்தது உடுப்பை இல்லை, ஆட்டத்தை.
மேடைக்குப் பின்னால் போனேன். இலக்கியா முகம் வெளிறிவிட்டது.
"அம்மா... எனக்குத்தான்னு உனக்குத் தெரியுமா?"
"அளவப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு."
"அப்புறம் ஏன் தச்ச?"
கலைந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு
காலையிலிருந்து மாடியில் தொம் தொம் என்று சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் அக்கா எட்டிப் பார்த்தார்.
"என்னடி வேணி, வூட்ட இடிக்கிறீங்களா?"
"இல்லக்கா. எம் பொண்ணு ஆடுறா."