பீங்கான் தட்டில் வந்த கேப்டன்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து வேறு யாருக்கும் காட்டாதீர்கள். படிக்காமல் இருக்க முடியாவிட்டால் படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். என் அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இது என் அப்பாவுக்கு எழுதுவது. அவர் இப்போது இல்லை.

என் தங்க அப்பாவுக்கு,

குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

முதலில் ஒரு செய்தி. உங்கள் சூளையில் இருந்த அந்த இங்கிலாந்துத் தட்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. உடைந்தவற்றுக்குப் பதில் புதிதாகச் செய்து, வேறு ஆளை வைத்துச் சுட்டு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தார் எல்லோரும் கூடி அந்தத் தட்டுகளில் கேக் சாப்பிடுகிற படம் ஓனர் போனுக்கு வந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினாராம். "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வேறு என்ன சொல்வாள்?

அந்தக் கேப்டன் இருக்கிறாரே, அவர்தான் என்னைத் தூங்கவிடமாட்டேன் என்கிறார். உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரக் கப்பற்படையில் இருந்தவர். அவருடைய வாழ்க்கையைத் தட்டு தட்டாகப் படம் போட்டுத் தரச் சொல்லி அவர் வம்சத்தார் நம் பீங்கான் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டின் பின்பக்கமும் இரண்டு வரி ஆங்கிலம். அதற்காகத்தான் ஓனர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ இங்கிலீஷ் மீடியந்தான. இந்தத் தொரை கதையப் படிச்சு வரிசையா அடுக்கிக் குடு. பேக்கிங்ல மாறிப் போச்சுன்னா மானம் போயிடும்."

முதல் தட்டில் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையோடு ஒரு பையன். அம்மாவோடு பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற அஞ்சலை அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தது. "ஏன் பாப்பா, மீசையே மொளைக்கல, அதுக்குள்ள சண்டைக்கா அனுப்பிட்டாங்க?"

"பதிமூணு வயசுலயே சேத்துடுவாங்களாம்க்கா."

"பெத்தவ சும்மாவா இருந்தா?"

அது தட்டில் எழுதியிருக்கவில்லை.

அப்புறம் கயிற்று ஏணியில் நிற்கிற இளைஞன். அப்புறம் சின்ன அதிகாரி. அப்புறம் கல்யாணம். அப்புறம் தங்கக் கரை போட்ட தொப்பியோடு கேப்டன். அடுத்த தட்டில் ஆளே இல்லை. கடலும் புகையும், மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற கப்பலின் மூக்கும்தான். போரில் எதிரி அடித்துக் கப்பல் மூழ்கிவிட்டது.

அதற்கடுத்த தட்டைத்தான் அக்காக்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மேஜை, அதன் மேல் ஒரு வாள், சுற்றிலும் அதிகாரிகள். ஏன் இதை முதலில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஆயுத பூசைதான? பூசையப் போட்டுட்டுத்தான எதையும் ஆரம்பிப்பாங்க" என்றது அஞ்சலை அக்கா. நீங்கள் சூளைப் பக்கமிருந்து, "அப்ப பொரிகடலை எங்கன்னு கேளு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அது பூஜை இல்லை அப்பா, விசாரணை. கப்பலை இழந்தால் அந்த நாட்டில் கேப்டனை நீதிமன்றத்தில் நிறுத்துவது வழக்கமாம், தப்பு செய்யாதவராக இருந்தாலும். அவருடைய வாளையே மேஜையில் வைத்துவிடுவார்கள். தீர்ப்பு முடிவானதும் அவரை உள்ளே கூப்பிடுவார்கள். வாளின் முனை அவரைப் பார்த்து இருந்தால் குற்றவாளி. கைப்பிடி அவர் பக்கம் இருந்தால் குற்றமற்றவர். நம் தட்டில் கைப்பிடிதான் அவர் பக்கம் இருந்தது. மேலிடம் மெதுவாகப் போகச் சொன்னது, அவர் மெதுவாகப் போனார், அதனால்தான் எதிரி அடிக்க முடிந்தது, ஆகவே அவர் மேல் பழி இல்லை என்று பின்னால் போட்டிருந்தது.

இதைச் சொன்னபோது நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தீர்கள். "அதுக்கப்புறம் என்ன ஆனாரு?"

"பதவி உயர்வுப்பா. அட்மிரல் ஆயிட்டாரு. கடைசித் தட்டுல தோட்டத்துல நாயோட உக்காந்திருக்காரு."

"கப்பலு போச்சு, ஆளுங்க போனாங்க, இவரு மேல போயிட்டாரா? அப்ப நானும் ஒரு லோடு ஒடைச்சா ஓனராயிடலாம் போலருக்குது."

இந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. படம் ஒட்டிய தட்டுகள் உள்ளே வெந்து முடிந்து, சூளை ஆறிக்கொண்டிருந்தது. வெளியே லாரி நின்றது. நானும் அஞ்சலை அக்காவும் உங்களுக்குப் பக்கத்திலேயே அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தோம். ஓனர் வந்து, "சூள வாசலப் பிரிச்சிடுங்கண்ணே" என்றார். "இன்னும் ஒரு நாளு ஆறணும்ங்க. காத்து பட்டா உள்ள தட்டு அடுக்குன கல்லு வெடிக்கும்" என்றீர்கள். "கப்பலு போயிடும்ணே. பிரிங்க. நான் பொறுப்பு" என்றார்.

வாசலை அடைத்திருந்த செங்கல்லை நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். பிறகு அந்தச் சத்தம். அடுக்கு முழுவதும் உங்கள் மேல் சாய்ந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

நாளைக்குக் காலையில் விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறார். நீங்கள் குடித்துவிட்டு, யார் சொல்லியும் கேட்காமல் சூளையைத் திறந்தீர்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்று ஓனர் சொல்லியிருக்கிறாராம். அஞ்சலை அக்கா என் முகத்தைப் பார்க்காமலே, "நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன் பாப்பா, ஒண்ணும் காதுல வுழல" என்கிறது. சித்தப்பா, "ஊரே ஒண்ணு சொல்லுது, நீ மட்டும் என்ன பெரிய கலெக்டரா?" என்று கேட்டார்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நீ அன்னைக்கு வூட்லதான் இருந்த. பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்த. புரியுதா?"

"அப்பா குடிக்கலம்மா."

"எனக்குத் தெரியாதாடி? செத்தவருக்கு வேல போவாது. எனக்குப் போவும்."

அம்மா சொல்வது தப்பா அப்பா? கம்பெனி வேலை போனால் அவள் எங்கே போவாள்? ஓனரையும் எனக்குப் புரியவில்லை. உங்களைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அவர்தான். உங்கள் காரியத்தன்று ஓரமாக உட்கார்ந்து அழுதார். "ஸ்கூல மட்டும் நிறுத்திடாத பாப்பா" என்று என்னிடம் சொன்னார். அது பொய் அழுகை இல்லை. அப்படி அழுதவர் எப்படி இந்தப் பொய்யைச் சொல்லச் சொல்கிறார்?

கேப்டனிடம் பதில் இருக்கும் என்று அந்தத் தட்டுகளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். குழப்பம்தான் கூடுகிறது. சில நேரம் அந்தக் கேப்டன் நீங்களாகத் தெரிகிறார். மெதுவாகப் போ என்றார்கள், அவர் போனார். சீக்கிரம் திற என்றார்கள், நீங்கள் திறந்தீர்கள். அப்படியானால் உங்கள் பக்கமும் கைப்பிடிதானே இருக்க வேண்டும்?

இன்னொரு நேரம் அவரே ஓனராகத் தெரிகிறார். கப்பலுக்குள் இருந்தவர்களுக்கு உத்தரவு போட்டது அவர்தானே? அவர் பிழைத்துவிட்டார். கப்பலின் அடியில் நெருப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளிப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு ஒரு தட்டுகூட இல்லை. மெதுவாகப் போகச் சொன்ன பெரியவரை யாராவது அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்களா? அதுவும் தட்டில் இல்லை. அம்மா போனில் தேடினேன். எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த மனுஷரை நடுவில் நிறுத்திக் கேட்டார்கள். கூட இருந்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். உங்களை இனி நிறுத்த முடியாது. கூட இருந்தவர்கள்தான் மிச்சம்.

பயமாக இருக்கிறது அப்பா. பள்ளிக்கூடத்தில் மைக் முன்னால் நின்றாலே எனக்குக் குரல் வராது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு வருகிறவர் யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டால் நான் கையைத் தூக்குவேன். கேட்காவிட்டால் அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். ஓனர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். அவர் அழுததையும் சேர்த்துச் சொல்வேன். நீங்கள் குடிக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன். அம்மா என்னோடு பேசாமல் போனாலும் சரி. இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
அன்றைக்கு அங்கே இருந்த உங்கள் மகள்

அப்பா, அம்மா கதவைத் தட்டுகிறாள். திட்டவில்லை. வெளியே நின்று அழுகிறாள் போலிருக்கிறது, என் பேரைச் சொல்லி...