வெட்டாமல் விட்ட காட்சி

ரிங்லெட்,
12.8.2024

அன்புத் தம்பி டெரன்சுக்கு, அக்கா பார்பரா எழுதுவது.

நாங்கள் சுகம். பத்து நாளாக மழை. கொழுந்து குறைவு, தேயிலை ஃபேக்டரியில் எனக்கு அரை நாள்தான் வேலை. ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று நீ என்னை நடிக்கவைத்து எடுத்த படத்தை மாதா கோயில் மண்டபத்தில் போட்டார்கள். பேப்பரில் அவ்வளவு புகழ்ந்திருக்கிறார்களே என்று லயத்து வீடுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். நான் புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். செத்த தாயின் பெட்டியருகே நான் அழும் காட்சி வந்தது.

"ஒன்னக் கழுவிக் கழுவி கை ஓஞ்சு போச்சும்மா. நீ சீக்கிரம் போயிடணும்னு நாந்தான் வேண்டிக்கிட்டேன்."

நீ எழுதித் தந்ததில் அது இல்லை. நம் அம்மாவை நினைத்து வாய்தவறி வந்தது. அன்றைக்கே எடுத்துவிடச் சொன்னேன். "வெட்டிடுறேங்க்கா" என்றாய்.

உன் மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, "நெசமாவே அப்படி வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல லா, தம்பி எழுதிக் குடுத்தது" என்றேன். கோயில் வாசலில் நின்று பொய் சொன்னேன். நீயும் பேட்டியில், அந்த வசனம் எழுத மூன்று மாதமானது என்று சொல்லியிருக்கிறாய். ஏன் தம்பி?

உன் அக்கா,
பார்பரா


கோலாலம்பூர்,
24.8.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத் தைரியம் வரவில்லை.

வெட்டத்தான் உட்கார்ந்தேன். வெட்டியபின் படத்தில் உயிர் இல்லை. அம்மா பதினாலு மாதம் படுத்திருந்தபோது நான் வந்தது மூன்று தடவை. என் பங்கையும் சேர்த்துச் செய்து ஓய்ந்துபோய் நீ பேசியது அது. தெரிந்தேதான் வைத்துக்கொண்டேன்.

விமர்சனம் எழுதிய எல்லோரும் அந்த வசனத்தையே பிடித்துக்கொண்டார்கள். மேடையில், "யார் எழுதியது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். கைதட்டினார்கள்.

நேற்று பேட்டி எடுத்த நிருபரைக் கூப்பிட்டு, அது என் அக்காவின் சொந்த வார்த்தை, எங்கள் அம்மாவைப் பற்றியது என்று சொல்லிவிட்டேன். நாளைய பேப்பரில் வரும். என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி,
டெரன்ஸ்


ரிங்லெட்,
9.9.2024

டெரன்சுக்கு,

உன் கடிதத்துக்கு முன்னால் பேப்பர் வந்துவிட்டது. ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார், எனக்குப் பெருமை என்று நினைத்து. ஒரு வாரம் அதன் கீழேதான் பெயர் பதிந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

உன் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நான் லயத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன். அதையும் எடுக்குமுன் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். உன் மனசு இப்போது லேசாகியிருக்கும்.

அம்மாக்கண்ணு வீட்டுக்கு நானே போய், "நெசந்தான்" என்றேன். அவள் என்னை உள்ளே உட்காரவைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் புருஷன் படுக்கையில் கிடந்த நாட்களைப் பற்றி ஒன்று சொன்னாள். அது என்னவென்று உனக்கு எழுதமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு உன்னைக் கூப்பிடச் சொல்கிறார் மச்சான். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பார்பரா