ஸ்டியரிங் ஜாயின்ட்

சனி, இரவு.

தம்பியின் பழைய ஜீப் எட்டு வருடத்தில் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. வேறு கம்பெனியில் என் கணவர் வாங்கிய புது ஜீப் ஒரே வருடத்தில் நான்கு முறை ஒர்க்‌ஷாப் போய்விட்டது. அதை மட்டும் இவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்று காலை பம்மல் மெக்கானிக் பஷீர் பாய் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். "ஸ்டியரிங் ஜாயின்ட் ஆடிக்கினு கீது சார். மாத்துற வரிக்கும் மலைக்கு எடுத்துகினு போவாதீங்க."

"நீங்களும் என் மச்சான் கட்சியா பாய்?" என்று இவர் சிரித்தார்.

மூவரும் ஏலகிரி போவதாக இருந்தது; மகளுக்குக் காய்ச்சல் என்று இவரிடம் பொய் சொல்லி அவளோடு நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மதியம் அவர் தனியாகக் கிளம்பினார். நான் தடுக்கவில்லை.

ஆறு மணிக்குப் போன் செய்து, "அடிவாரம் வந்துட்டேன், வண்டி நல்லாத்தான் ஓடுதுன்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி மட்டும் அடிக்கிறது.

சற்றுமுன் மகள் கேட்டாள்: "எனக்குக் காய்ச்சலே இல்லையேம்மா, அப்பாவை மட்டும் ஏன் அனுப்புன?"