பதிவேட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள வளர்மதிக்கு நைனா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நலம் என்று எழுத முடிகிறதே அதுவே இந்த முறை பெரிய விஷயம். இங்கிலாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் சொன்னால் நர்சு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள், அதனால்தான் கடிதம். போன மாதம் அவள் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்துவிட்டது, புதிதாக வந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பென்சிலின் ஆகாது என்று நீ எழுதிக்கொடுத்த சீட்டை அம்மா நீட்டினாள். வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்த மோனிகா என்கிற பெண் அதை ஓரமாக வைத்துவிட்டு ஊசி போட்டாள். ஐந்தே நிமிஷம், முகம் வீங்கி மூச்சு இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பிழைத்தாள். பயப்படாதே, இப்போது நடமாடுகிறாள்.

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. நர்சுகளைப் பதிவு செய்யவும் தப்பு செய்தால் விசாரிக்கவும் ஆபீஸ் உண்டு என்று நீ சொல்வாயே, மனு எழுதிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "இந்தப் பொண்ணு பேரு எங்க பதிவேட்லயே இல்லீங்க. இருந்தாத்தான விசாரிச்சி நீக்க முடியும்" என்றார். படித்தவளைக் கேட்க ஆள் உண்டு, படிக்காதவளைக் கேட்க ஆள் இல்லையா என்று கத்திவிட்டேன். விழுப்புரத்தில் மாவட்ட சுகாதார ஆபீசில் கொடுங்கள் என்றார். விழுப்புரத்துக்கு மூன்று முறை போய்விட்டேன், மூன்று முறையும் ஆபீசர் மீட்டிங்கில் இருந்தார்.

நடுவில் மோனிகாவே வீடு தேடி வந்தாள். ப்ளஸ் டூ முடித்து மூன்று மாதப் பயிற்சியாம். "டாக்டரு போடுன்னாரு, போட்டுட்டேன் பெரிப்பா. சீட்டு இங்கிலீஷ்ல இருந்துது, படிக்கத் தெரிலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி" என்று அழுதாள். திட்ட நினைத்திருந்தவன், காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தாள். அது தெரிந்து அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கிளினிக்கில் போய்ப் பார்க்கிறேன், அதே நாற்காலியில் வேறொரு பெண். உன் பதிவு நம்பர் இன்னாம்மா என்று கேட்டேன். "டோக்கனா தாத்தா? பதினேழு, உக்காருங்க" என்கிறாள்!

நர்சு லைசன்ஸைப் புதுப்பிக்க அதைக் காட்டு இதைக் காட்டு என்று அங்கே உயிரை வாங்குகிறார்கள் என்று புலம்பினாயே, வாங்கட்டும் விடு. நாளைக்கு மறுபடி விழுப்புரம் போகிறேன். ஆபீசர் வரும்வரை வாசலிலேயே உட்காரப்போகிறேன். மோனிகாவும் கூட வருகிறாள்.

உன் கைபட்டவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும், நீயும் குறையில்லாமல் இரு. சாப்பிடாமல் டூட்டிக்குப் போகாதே.

இப்படிக்கு
உன் நைனா
பாவாடை, செஞ்சி